மேல்தெருவுக்கு ஆறு முத்திரை

ஜனவரி 6, திங்கள்

கமிதானிக்கு வந்து சேர்ந்தேன். ஊர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் பனிக்கு அடியில் என்றுதான் சொல்ல வேண்டும். என்னை அழைத்துப்போக நகராட்சி அலுவலர் ஹிராயமா ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பனி பெய்வதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு பனி நின்றது. அதற்கும் கேட்டார்.

என் வேலை, இரண்டு மாதம் இங்கே தங்கி ஊருக்கு உயிரூட்டுவது. தோக்கியோவில் ஆறு வருடம் மொழிபெயர்த்து அலுத்துப்போய் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். என் கணவர் கோமதிநாயகம் சிரித்தார். "ஃபேனை ஒண்ணுல வச்சாலே போர்வைய இழுத்து மூடுவ. நீ பனிக்குப் போறியாக்கும்?"

எனக்குக் கொடுத்த வீடு மேல்தெருவில். ஆள் நிரந்தரமாகக் குடியிருப்பது ஆறே வீட்டில். அடுத்த குளிர்காலத்திலிருந்து பனி அள்ளும் வண்டியை மேல்தெருவுக்கு அனுப்புவதில்லை என்று நகராட்சி யோசிக்கிறதாம். வண்டி ஏறாவிட்டால் தெருவில் யாரும் இருக்க முடியாது. பிப்ரவரி 11 அன்று பனித் திருவிழா நடத்தி, இருநூறு பேரை வரவழைத்து, நகராட்சியின் மனத்தை மாற்றுவது என் திட்டம். முப்பத்திரண்டு பக்கம், வண்ணப் படங்களோடு. ஹிராயமா கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "இது கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்தினார். பாராட்ட வார்த்தை கிடைக்கவில்லை போலும்.

ஒரு குறிப்பு. இவர்கள் பேசுவது நான் படித்த ஜப்பானிய மொழி இல்லை, மலைநாட்டுப் பேச்சு. அதை நல்ல தமிழில் எழுதினால் செத்துப்போகும். ஆகவே எல்லாரையும் எங்கள் கோவில்பட்டிப் பேச்சிலேயே பேசவிடப்போகிறேன். யார் வந்து கேட்கப்போகிறார்கள்.

ஜனவரி 7, செவ்வாய்

வாசல் பனியை அள்ளினேன். மூன்று முறை விழுந்தேன். நான்காம் முறை விழவில்லை, ஏனென்றால் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஐம்பத்தேழு நாள்.

ஜனவரி 9, வியாழன்

பக்கத்து வீட்டு மிட்சுகோ அம்மா வந்தார். அறுபத்தாறு வயது, கணவர் இல்லை, மகள் நகரத்தில் நாலாம் மாடியில் இருக்கிறாள். நீல மூடி போட்ட டப்பா ஒன்றைக் கையில் திணித்துவிட்டு, "சென்பா, சும்மா தின்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செண்பகவல்லி என்ற என் பெயரில் இவர்களுக்கு முதல் மூன்று எழுத்துக்கு மேல் பொறுமை இல்லை.

உள்ளே முள்ளங்கி ஊறுகாய். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, புகையில் வாட்டி, பிறகு தவிட்டிலும் உப்பிலும் ஊறவைப்பார்களாம். ஒரு துண்டு வாயில் போட்டேன். விறகடுப்புக்குள் தலையை விட்டது போல் இருந்தது. நல்ல மனுஷி கொடுத்தது, கொட்ட மனம் வரவில்லை. ஃபிரிட்ஜில் வைத்தேன்.

டப்பாவை வெறுமனே எப்படித் திருப்பிக் கொடுப்பது? எலுமிச்சைச் சோறு வைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வாங்கிய பொருளுக்குப் பதில் பொருள் கொடுக்காமல் இருக்கக்கூடாது என்பது இவர்கள் வழக்கம். எலுமிச்சைச் சோறு போனால் முள்ளங்கி வருகிறது. புளியோதரை போனால் முள்ளங்கி வருகிறது. நேற்று பருப்புப்பொடி போட்டுக் கொடுத்தேன். இன்று இரண்டு டப்பா முள்ளங்கி வந்தது. இரண்டு பேரில் யாராவது ஒருவர் மரியாதை கெட்டவராக ஆனால்தான் இது நிற்கும். நான் ஆக மாட்டேன்.

கோமதிநாயகத்திடம் தொலைபேசியில் புலம்பினேன்.

"ஒரு நாள் வெறும் டப்பாவக் குடு. என்ன ஆயிரும்?"

"உங்க அம்மா வீட்டுக்கு என்னைக்காவது வெறும் தூக்குவாளி திருப்பியிருக்கேனா? நீங்க சும்மா இருங்க."

ஃபிரிட்ஜில் முள்ளங்கிக்கு ஒரு தட்டு முழுதாக ஒதுக்கியாகிவிட்டது.

ஜனவரி 16, வியாழன்

இன்று உருப்படியாக ஒரு வேலை செய்தேன். இந்தத் தெருவில் அறிவிப்புப் பலகை ஒன்று வீடு வீடாகச் சுற்றுகிறது. ஒரு அட்டையில் நகராட்சி அறிவிப்புகளைக் கிளிப் போட்டு வைத்திருப்பார்கள். படித்ததும் தன் வீட்டு முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். கையெழுத்து இங்கே செல்லாது, முத்திரைதான்.

பலகை போகும் வழியை வரைந்து பார்த்தேன். தலை சுற்றிவிட்டது. மிட்சுகோ அம்மா வீட்டுக்கு நேர் எதிரே கென்ஸோ என்ற எழுபது வயதுக்காரர் இருக்கிறார். பத்தடி தூரம். ஆனால் பலகை மிட்சுகோ அம்மாவிடமிருந்து தெருக்கோடி வரை போய், அங்கே இரண்டு வீடு சுற்றி, முடிவெட்டும் கடை கயோ வீட்டுக்கு வந்து, அங்கிருந்துதான் கென்ஸோவுக்குப் போகிறது. இத்தனை வருடம் இந்தக் குளறுபடியை யாரும் கவனிக்கவில்லை! நேராகக் கொடுக்கும்படி வரிசையை மாற்றி எழுதி, முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஒரு சுற்றுக்கு இருநூற்றுநாற்பது மீட்டர் நடை மிச்சம்.

ஜனவரி 18, சனி

பலகை மிட்சுகோ அம்மா வீட்டிலேயே இரண்டு நாளாகக் கிடக்கிறது. மறந்துவிட்டார் போல. ஹிராயமாவிடம் என் சீர்திருத்தத்தைச் சொன்னேன். மனிதர் வெளுத்துப்போய், "அது கொஞ்சம்..." என்றார். இந்த முறையும் மீதியைச் சொல்லவில்லை.

மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மிட்சுகோ அம்மா பலகையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து போனார். பழக்க தோஷம். அடுத்த சுற்றில் சரியாகிவிடும்.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் தலைக்கு மேலே தொம் தொம் என்று சத்தம். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் கென்ஸோ என் கூரைமேல் நின்று பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒரு மீட்டர் ஏறிப்போச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டா வீட்டோட உக்காந்திருப்ப," என்றார். இறங்கி, மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இவ்வளவு செய்த மனிதருக்கு ஏதாவது கொடுக்காமல் இருக்க முடியுமா? அரிசி தீர்ந்திருந்தது, கீழ்த்தெருக் கடைக்குப் போகப் பாதை இல்லை. வீட்டில் இருந்தது முள்ளங்கி. ஒரு டப்பா நிறைய எடுத்துப்போய்க் கொடுத்தேன். மிட்சுகோ அம்மா போட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார். குளிர் உள்ளே போய்விடும் இல்லையா.

ஜனவரி 22, புதன்

பொழுது விடிந்ததும் கென்ஸோ என் வாசலில் நின்றார். வெறும் டப்பா இல்லை, உள்ளே உரித்த வால்நட். அவர் கண் கலங்கியிருந்தது. பனிக்காற்றினால் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இது நீ போட்டதா?"

நான் "அது வந்து" என்று ஆரம்பித்தேன்.

"எங்க அம்மா கை," என்றார். "எங்க அம்மா போய்ச் சேந்து இருபத்தொரு வருஷம் ஆச்சு. அதுக்கப்பறம் இந்த ருசிய நான் நாக்குல வச்சதில்ல. எங்கேயோ இருந்து வந்த புள்ள, எப்படித் தாயி போட்ட?"

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் இந்த ஊருக்கு வந்த பதினாறு நாளில் என்னை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் முறை. தலையை லேசாக ஆட்டிவிட்டேன். ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படித்தான் ஆட்டினேன். அவர் ஆம் என்று எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

ஜனவரி 24, வெள்ளி

முடி வெட்டிக்கொள்ளக் கயோ கடைக்குப் போனேன். தெருவிலேயே வாய் மூடாத ஒரே ஆள் கயோதான். கழுத்தில் துணியைக் கட்டிய பிறகு, எழுந்து ஓட முடியாது என்று தெரிந்துகொண்டு, எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீ அந்தப் பலகை வழிய மாத்துன பாரு, தெருவே மூச்சப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மிட்சுகோவும் கென்ஸோவும் பேசிப் பத்தொம்பது வருஷம் ஆச்சு. அவரு மிட்சுகோவோட கொழுந்தன்."

"என்ன சண்டை?"

"ஊறுகாய்."

கத்திரி என் காதுக்குப் பக்கத்தில் நின்றது. மிட்சுகோவின் கணவர் இறந்த முதல் வருட நினைவு நாள். சொந்தக்காரர் அத்தனை பேரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, கென்ஸோ ஒரு துண்டைக் கடித்துவிட்டு, 'அம்மா போட்ட மாதிரி இல்லை' என்று சபையில் சொல்லிவிட்டார். மிட்சுகோ எழுந்து உள்ளே போனவர்தான்.

"இப்ப அந்த மனுஷன் என்ன சொல்லிட்டுத் திரியிறாருன்னு தெரியுமா? இந்தியாக்காரப் புள்ள போட்ட ஊறுகாய் எங்க அம்மா போட்ட மாதிரியே இருக்குன்னு. தபால்காரர் வரைக்கும் சொல்லியாச்சு."

எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. கயோ விடவில்லை. திருவிழாவால் ஒன்றும் ஆகாதாம். தெருவின் வாய்க்காலையும் ஓரப் பனியையும் நாங்களே சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம் என்று ஆறு வீடும் ஒரே தாளில் முத்திரை குத்திக் கொடுத்தால் வண்டி தொடர்ந்து வரும். கடைசி நாள் பிப்ரவரி 28. நாலு வீடு குத்தியாகிவிட்டது. மிட்சுகோ குத்தும் தாளில் நான் குத்த மாட்டேன் என்கிறார் கென்ஸோ. அவர் முதலில் குத்தட்டும் என்கிறார் மிட்சுகோ.

"வண்டி நின்னா நாங்க எப்படியாவது கீழ வீடு பாத்துக்குவோம். மிட்சுகோ மக வீட்டு நாலாம் மாடிக்குத்தான் போகணும். அங்க போனா அது ஒரு வருஷம் தாங்காது," என்றாள் கயோ.

ஹிராயமா 'கொஞ்சம்' என்று இழுத்து விழுங்கிய மீதி இதுதான். முப்பத்திரண்டு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. முடியும் ஒரு பக்கம் குட்டையாகிவிட்டது.

ஜனவரி 25, சனி

மிட்சுகோ அம்மா வந்தார். இன்று மூன்று டப்பா. என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ போடுத ஊறுகாய் யாரோ ஒருத்தருக்கு அவுக அம்மா கை மாதிரி இருக்காமே?"

நான் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவர் டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் கையில் வைத்தார்.

"நல்லாத்தான் போடுத. நெறையப் போடு," என்று சொல்லிவிட்டு, தெருவில் இறங்கி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டே போனார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கயோவும் பார்த்ததில்லையாம்.

மூன்று டப்பாவையும் கென்ஸோவிடம் சேர்த்தேன்.

ஜனவரி 30, வியாழன்

ஹிராயமா சுவரொட்டி அச்சடித்துவிட்டார். நடுவில் என் படம். கீழே, 'இந்தியப் பெண்ணின் கையால் கமிதானி முள்ளங்கி ஊறுகாய். நேரடிச் செயல்விளக்கம்.' யோசனை கென்ஸோவுடையதாம்.

நான் "இது கொஞ்சம்..." என்றேன். ஹிராயமா மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

பிப்ரவரி 8, சனி

கென்ஸோ பன்னிரண்டு முள்ளங்கியோடு வந்தார். எனக்காகவே தன் வீட்டு அடுப்பின்மேல் தொங்கவிட்டுப் பத்து நாள் புகை போட்டிருக்கிறார். இரண்டு கைகளிலும் ஏந்திக் கொடுத்தார். திருடியவளுக்கு மாலை போட்டது போல் இருந்தது.

கோமதிநாயகத்திடம் கேட்டேன். "யூடியூபப் பாத்துப் போடு," என்றார். "நம்ம மாங்கா ஊறுகா மாதிரித்தானே?" போனை வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் கென்ஸோ ஊர் முன்னால் அவமானப்படுவார், பிறகு முத்திரை குத்தவே மாட்டார். சொல்லாவிட்டால் மிட்சுகோ அம்மாவின் கைமணத்தை நான் களவாடியதாகவே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலாம் மாடி தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

விடியும் முன்பே பனிப்புயல். எட்டு மணிக்கு ரயில் நின்றது. ஒன்பதுக்குப் பேருந்து நின்றது. கீழ்த்தெருவிலிருந்துகூட ஒருவரும் ஏறவில்லை. பனி அள்ளும் வண்டியில் தொற்றிக்கொண்டு ஹிராயமா மட்டும் வந்து சேர்ந்தார். இருநூறு நாற்காலி போட்ட ஊர்க்கூடத்தில் மேல்தெருவின் ஆறு வீட்டுக்காரர்கள், மொத்தம் ஒன்பது பேர். கென்ஸோ முதல் வரிசையில். மிட்சுகோ கடைசி வரிசையில். நடுவில் காலி நாற்காலிகள்.

முன்னால் மேசை. மரத்தொட்டி, தவிடு, உப்பு, பன்னிரண்டு முள்ளங்கி, ருசி பார்க்க என் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு தட்டு ஊறுகாய். நான் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றேன். எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன், இங்கே மறைப்பானேன். உப்பை ஒரு கை அள்ளினேன். எவ்வளவு என்று தெரியவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தேன். மிட்சுகோவின் புருவம் ஏறியது. இன்னொரு கை அள்ளினேன். புருவம் இன்னும் ஏறியது. பாதியைத் திரும்பக் கொட்டினேன். புருவம் இறங்கியது. தவிட்டை எடுத்தேன். மறுபடி பார்த்தேன்.

நான் எங்கே பார்க்கிறேன் என்று முதல் வரிசைக்காரர் கவனித்துவிட்டார். கென்ஸோ மெல்லத் திரும்பினார். அவர் பின்னால் அத்தனை தலையும் திரும்பியது. மிட்சுகோவின் புருவம் பாதி வழியில் நின்றது.

இனி முடியாது.

"நான் போடல," என்றேன். "ஒரு நாளும் போட்டதில்ல. நீங்க தின்னது பூராம் மிட்சுகோ அம்மா போட்டது. எனக்குப் புகை வாசம் ஒத்துக்கல, உங்ககிட்டக் குடுத்தேன். நீங்க பாராட்டவும் சும்மா இருந்துட்டேன். தப்பு என் பேர்லதான்."

கயோ வாயைப் பொத்திக்கொண்டாள். கென்ஸோவின் காது சிவந்தது. எழுந்தார். போகப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மேசைக்கு வந்தார். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். அந்தக் கூடம் முழுக்க அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா கைதான்," என்றார், முள்ளங்கியைப் பார்த்து. பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். "மதினி, அன்னைக்கு நான் சொன்னது..."

"சரியாத்தான் சொன்ன."

மிட்சுகோ எழுந்து நின்றிருந்தார்.

"அந்த வருஷம் நல்லாவே இல்ல. அவுக போன வருஷம் அது. தொட்டி முன்னால உக்காந்து உப்பு போட்டனா, போடலையா, ஒண்ணும் நெனவில்ல. எனக்கே வாயில வைக்க முடியல. ஆனா எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு தின்னாக. நீ ஒருத்தன்தான் உள்ளதச் சொன்ன. அதத்தான் பொறுக்க முடியல."

கென்ஸோ மேசையிலிருந்த உப்பில் ஒரு சிட்டிகையைக் கிள்ளிப் பார்த்தார்.

"உப்பு இல்லன்னு மட்டும் சொல்லியிருக்கணும்," என்றார். "அம்மாவ இழுத்திருக்கக் கூடாது."

கயோ மூக்கைச் சிந்திய சத்தம் வெளியே புயலுக்கும் கேட்டிருக்கும். ஹிராயமா எல்லாரிடமும் பொதுவாக ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட தாளை எடுத்து, முள்ளங்கியைத் தள்ளிவிட்டு மேசையில் விரித்தார். மூன்று வாரமாக எங்கே போனாலும் அதைச் சுமந்துகொண்டுதான் போயிருக்கிறார். கென்ஸோ சட்டைப்பையில் கைவிட்டு முத்திரைக் கட்டையை எடுத்து, ஊதி, குத்தினார். ஐந்து ஆயிற்று.

மிட்சுகோ கைப்பையைத் துழாவினார். மறுபடி துழாவினார்.

"வீட்டுலேயே வச்சிட்டு வந்துட்டேன். இவன் எங்க குத்தப் போறான்னு நெனச்சேன்."

நாளைக்குக் குத்தலாம், 28 வரை நேரம் இருக்கிறது என்று ஹிராயமா சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கென்ஸோ மூலையில் இருந்த மண்வாரியை எடுத்தார்.

"வாங்க மதினி."

கதவைத் திறந்ததும் இடுப்பளவு பனி. அவர் வெட்டிக்கொண்டே முன்னால் போனார். அவர் வெட்டிய பாதையில் மிட்சுகோ ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். "வலது பக்கம் தள்ளாத, அங்கதான் வாய்க்கா. எழுபது வயசாச்சு, இன்னும் மண்வாரி பிடிக்கத் தெரியல," என்று மிட்சுகோ திட்டுவது கொஞ்சதூரம் வரை கேட்டது. அப்புறம் புயல்தான் கேட்டது.

இருநூறு மீட்டர் தூரம். போய் வர நாற்பது நிமிடம் ஆனது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. ஆறாவது முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது, மிட்சுகோவின் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. நான் அழுதேன். வெங்காயம் நறுக்கினேன் என்று எழுத இங்கே வெங்காயமும் இல்லை.

பிறகு மிட்சுகோ அம்மா என்னை நகரச் சொல்லிவிட்டு, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து உப்பை அள்ளினார்.

பிப்ரவரி 12, புதன்

ஹிராயமா தாளை எடுத்துக்கொண்டு முதல் வண்டியிலேயே கீழே இறங்கினார். போகுமுன் அறிக்கைப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். வந்த பார்வையாளர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன். மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

கோமதிநாயகம் கூப்பிட்டார். "மார்ச் அஞ்சாந்தேதி வந்துருவல்ல? டிக்கெட் போடவா?"

"மிட்சுகோ அம்மா வாராக, பெறகு பேசுதேன்."

"ஏய், இரு இரு. திருவிழா என்னாச்சு?"

"ஒருத்தர்கூட வரல," என்றேன். "ரொம்ப நல்லா நடந்துச்சு."